படிவத்தில் தரை இல்லை

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கொக்கு. உயரம், நீளக் கழுத்து, தேர்வறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும் நடை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே வேறு பெயர் தோன்றவில்லை. அன்று அந்தக் கொக்கு குனிந்தது. மூன்றாவது வரிசையில், கடைசி ஆண்டு வேதியியல் மாணவி ஒருத்தியின் செருப்புக்குப் பக்கத்தில், நாலாக மடித்த துண்டுத்தாள். விரித்தால் பொடியாக, ஆனால் குண்டு குண்டாகச் சமன்பாடுகள். அவளுடையதா, முன்னால் இருந்தவனுடையதா, மின்விசிறி எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டதா, தெரியாது. இப்படிக் கிடைத்ததையெல்லாம் சத்தமில்லாமல் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வது என் வழக்கம். ஆனால் நிமிர்ந்தபோது வாசலில் தேர்வு அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், ஏதாவது மாட்டுச்சா?" என்றார், தூண்டில் போட்டவனிடம் கேட்பதுபோல.

முறைகேட்டு அறிக்கைப் படிவத்தில், 'எங்கே கண்டெடுக்கப்பட்டது' என்ற கேள்விக்கு மூன்றே கட்டங்கள். கையில், உடையில், விடைத்தாளுக்குள். தரை இல்லை. படிவத்தைத் தயாரித்த மகான் தரையே இல்லாத ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

"ஓரமா 'தரையில்'னு எழுதிடட்டுமா சார்?"

"கட்டத்துக்கு வெளிய எழுதினா படிவம் திரும்பி வந்துடும். அப்புறம் உங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. தேவையா?"

அந்த மாதம் துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. 'கையில்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சின்ன டிக். அதைச் சின்னதாகப் போட்டதுதான் என் மனசாட்சியால் முடிந்தது.

மூன்றாம் நாள் முதல்வர் அறையில் விசாரணை. முதல்வர், தேர்வு அதிகாரி, நான். விதி எளிமையானது. தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு தாள் மட்டும் ரத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம். மறுத்து, குழு நம்பாமல் போனால் மூன்று வருடம் எந்தத் தேர்வும் கிடையாது. எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு ஒரு மாதிரி உண்டு, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன் அதை எழுதியவன் நானேதான். 'மனசாட்சி உறுத்த' என்று ஒரு இடம் வரும், அதற்காக அன்றைய முதல்வர் கை குலுக்கினார். காப்பியடித்ததை ஒப்புக்கொள்ள எல்லாரும் அதைக் காப்பியடிக்கிறார்கள் என்று வருடா வருடம் ஆசிரியர் அறையில் சொல்வேன். வருடா வருடம் சிரிப்பார்கள்.

அவள் மாதிரியைத் தொடவில்லை. தானே எழுதிய விளக்கத்தை மேசைமேல் வைத்தாள்.

"மருந்துக் கம்பெனி ஆய்வகத்துல வேலை கிடைச்சிருக்கு சார். ரெண்டு மாசத்துல சான்றிதழ் குடுக்கணும். ஒப்புக்கிட்டா வேலை போயிடும். நான் செய்யவும் இல்ல. அது தரையில கிடந்துச்சு."

முதல்வர் அவள் விளக்கத்தையும் துண்டுத்தாளையும் அருகருகே வைத்தார். அவள் எழுத்து காற்றில் சாய்ந்த பயிர்போல ஒல்லியாக, வலப்பக்கம் சாய்ந்திருந்தது. துண்டுத்தாளில் இருந்ததெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு நிமிர்ந்து உட்கார்ந்த எழுத்து.

"வேற மாதிரி இருக்கே?"

"பொடியா எழுதினா யாருக்கும் மாறும் சார்" என்றார் அதிகாரி.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுத்தீங்க? கையில இருந்துதானே?"

அவளும் பார்த்தாள். என் வாய் திறந்தது, அது உண்மை. அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவளைப்போலவே நானும் காத்திருந்தேன்.

"படிவத்துல இருக்கிறபடிதான் சார்" என்றேன்.

பொய் இல்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெளியே உட்கார்ந்திருந்த அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். தையல் கடையில் வேலை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அம்மா, சார் குனிஞ்சுதான் எடுத்தாரு. அவருக்கே தெரியும்மா."

"சார் என்ன எழுதியிருக்காரு?"

அதிகாரி படித்துக் காட்டினார். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை, கண்ணாடி, பையில் செருகிய பேனா. பார்த்து முடித்து மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இவ்வளவு படிச்சவரு பொய் எழுதுவாராடி? அவருக்கும் உனக்கும் வாய்க்கா வரப்புத் தகராறா? மூணு வருஷம் வீட்டுல உக்காரப் போறியா? எழுதிக் குடு."

அவள் அழவில்லை. மேசையில் இருந்த பேனா எழுதவில்லை என்று நான் என் பேனாவைக் கொடுத்தேன். எனக்கு இளகிய மனசு என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

"வார்த்தை மாறக் கூடாது. பாத்து எழுதும்மா" என்றார் அதிகாரி.

"பாத்து எழுதினேன்னுதானே சார் இங்க நிக்க வச்சிருக்கீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. என் ஆசிரியர் அறை நகைச்சுவையைவிட இது நன்றாக இருந்தது.

நாலாவது வரியில் பேனா நின்றது. 'என் கையில் மறைத்து வைத்திருந்த' என்று அங்கே வரும். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"சார், 'கையில்'னுதான் போடணுமா?"

முதல்வர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேள்வி எனக்குத்தான்.

"மாதிரியில இருக்கிறபடி போடும்மா" என்றேன்.

போட்டாள். 'மனசாட்சி உறுத்த' என்பதையும் பிழையில்லாமல் போட்டாள். பேனாவை மூடி என் முன்னால் வைத்தாள். வாசல்வரை போன அம்மா திரும்பி வந்து, "உங்களாலதான் சார் ஒரு பரீட்சையோட போச்சு" என்று கும்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அதே அறையில் எனக்குக் கண்காணிப்பு. மூன்றாவது வரிசையில் அவள் நாற்காலி காலி. மற்றத் தாள்களை எழுத விதியில் தடை இல்லை, அவள்தான் வரவில்லை. நான் நடக்க ஆரம்பித்ததும் நாற்காலிகள் முனகின. நான் எந்த வரிசையில் திரும்பினாலும் அங்கே கால்கள் தரையைவிட்டு எழுந்து நாற்காலிக் கம்பியில் ஏறிக்கொண்டன. யாரும் நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். பேனாவைத் திறக்கும்போது மூடி நழுவி உருண்டு, அந்தக் காலி நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. ஒருவராவது எடுத்துக் கொடுப்பார் என்று சற்று நின்றேன். பிறகு குனிந்தேன். கீழே, வரிசை வரிசையாக, செருப்புகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அறையில் தரையில் இருந்தவன் நான் மட்டும்தான்.