கூழைக்கடா கவ்விய பல் செட்

1

என் மச்சான் வரதன் தும்மினார். வாயிலிருந்து பறந்த பல் செட்டை, எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கூழைக்கடாப் பறவை இருபதடி பாய்ந்து வந்து கவ்விக்கொண்டது. அதை நான் 1991-லேயே காலாவதியாகிவிட்ட கலர் பிலிமில் படம் எடுத்து, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நானே கழுவினேன்.

நம்ப வேண்டாம். நம்பாதவர்கள் சங்கத்துக்குத் தலைவர் ஏற்கெனவே இருக்கிறார். இதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரும் அவரே. எனக்குப் போன திங்களன்று கண்புரை அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல வரதன் தன் போனில் அடிக்கிறார். கூலி வேண்டாமாம். பொய் வரும் இடத்தில் சதுர அடைப்புப் போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் வேண்டுமாம். கொடுத்துவிட்டேன்.

[இருபதடி பொய். – வ.]

பார்த்தீர்களா.

2

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஒரு கிரேக்கக் கப்பலை மூழ்காமல் காப்பாற்றியதற்காக [வெங்காய மூட்டைகளைக் கீழே போடாமல் இறக்கியதற்காக. – வ.] அதன் சமையல்காரன் எனக்கு ஓடும் படம் எடுக்கும் ஒரு சின்னக் கேமராவும் ஒரே ஒரு பெட்டி பிலிமும் பரிசாகக் கொடுத்தான். வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை எடுப்பார்களே, அந்த வகை. பிலிம் அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் வஞ்சிரத்துக்குப் பின்னால் கிடந்தது. இந்த மே மாதம் ஃப்ரிட்ஜைத் துடைத்த என் மனைவி பட்டம்மாள் அதை வெளியே எடுத்து வைத்து, இது பிலிமா கருவாடா, இன்றைக்கே ஒரு முடிவு தெரிய வேண்டும் என்றாள்.

3

ஆரம்பம் சொல்லிப் பார்த்தேன்.

‘செவ்வானம் கடலில் கரைந்துகொண்டிருந்த அந்த அதிகாலையில்’ [மத்தியானம் ஒன்றரை. – வ.]

‘தனிமை என்பது ஒரு பறவையின் அலகில்’ –

இதை நானா சொன்னேன்? அழித்துவிடு மச்சான்.

[அழிக்க மாட்டேன். இருக்கட்டும். – வ.]

சரி, நேராகவே போகிறேன். முகத்துவாரக் கரையில் வரதனை உட்கார வைத்து, பொரித்த நெத்திலியைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கேமராவை ஓட்டினேன். அவருக்கு எதிரே தண்ணீரில் கூழைக்கடாக்கள், பக்கவாட்டில் நான். வரதன் நல்ல நடிகரல்ல. பேசின் பிரிட்ஜ் யார்டில் காலமெல்லாம் ரயில் பெட்டி எண்ணியவர். மீனையும் எண்ணித்தான் தின்பார். அப்போது எண்ணூர்க் காற்று வீசியது. அதில் என்னென்ன இருக்கும் என்று கேட்காதீர்கள். வரதன் தும்மினார். பல் பறந்தது. பறவை பாய்ந்தது, கவ்வியது, பழவேற்காடு பக்கமாகப் பறந்து போனது. போகும்போது சிரித்தது.

[தும்மும்போது கண் மூடியிருந்தேன். பல் தண்ணீரில் விழுந்தது என்பதே என் கருத்து. – வ.]

4

திரும்பும் ரயிலில் எங்கள் சண்டையைப் பெட்டியே கேட்டது. எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சிலுவையம்மாள் என்ற அம்மாதான் விசாரணையை முடித்துவைத்தார்.

“அவரு கண்ண மூடிக்கினு இருந்தாரு. நீ புரை வுயுந்த கண்ணோட பாத்துக்கினு இருந்தே. இதுக்கு ரெண்டு பேரு சாட்சி வேற.”

வரதன் பொக்கை வாயோடு என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, படத்துல என் பல்லு அந்தப் பறவை வாயில கீதுன்னா ஒத்துக்கறேன். இல்லாங்காட்டி இனிமே நீ கதையே வுடக் கூடாது. டீக்கடைல, கல்யாணத்துல, சாவு வூட்டுல, எங்கயும்.”

சாவு வீட்டிலுமா என்று கேட்டேன். அங்கேதான் நான் நன்றாகச் சொல்வேன். முதலில் நிறுத்த வேண்டியதே அங்கேதான் என்றார். பெட்டியே பார்த்துக்கொண்டிருந்தது, தலையாட்டிவிட்டேன். டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். சர்க்கரையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். இதையும் நிறுத்தினால் ராமதாஸ் என்று கூப்பிட உள்ளே யார் இருப்பார்கள்?

(நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதாலேயே நான் ஜெயித்துவிட்டேன் என்று அவசரப்படாதீர்கள்.)

5

கலர் பிலிம் கழுவும் தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நிறம் கெட்டுவிடும். வெளிநாட்டில் இதற்கென்று இயந்திரம் வைத்துச் சூடு பண்ணுகிறார்களாம். பாவம். எங்கள் வீட்டில் மே மாத மத்தியானம் மொட்டை மாடி டேங்க் குழாயைத் திறந்தால் முப்பத்தெட்டு டிகிரி தானாகவே கொட்டுகிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வாளியில் விட்டுப் பார்த்தோம். தண்ணீருக்குச் சரியான ஜுரம்.

[இது உண்மை. நானே பார்த்தேன். – வ.]

எனக்காக அவர் போட்ட முதல் நல்ல அடைப்பு. கண்ணீர் வருகிறது.

[கட்டு நனையும். – வ.]

மும்பையிலிருந்து பார்சலில் வந்த மருந்துப் பொடிகளைக் கரைத்தோம். ஜன்னலைக் கேரம் போர்டால் அடைத்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, கும்மிருட்டில் பிலிமை உருவி இடியாப்பம் போல வாளிக்குள் விட்டு, ரப்பர் கையுறையோடு அலசினோம். பாதியில் பட்டம்மாள் கதவைத் தட்டினாள். உள்ளே இரண்டு கிழவர்கள் இருட்டில் என்ன செய்கிறார்கள் என்று தெருவே கேட்கிறது, நான் என்ன சொல்ல என்றாள். துணி துவைக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். அதைத் தெரு நம்பாது என்றாள்.

6

பிலிமை மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டோம். என் கண்ணுக்கு ரோஸ் நிறப் புகை ஒன்றுதான் தெரிந்தது. வரதன் பூதக்கண்ணாடியை வைத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“கூழைக்கடா எங்க கீது? இது பூநாரை. ரோஸா கீது.”

“மச்சான், நீ எப்டி கீறே?”

கண்ணாடியைப் பிலிமில் கொஞ்சம் நகர்த்தினார். “நானும் ரோஸாதான் கீறேன்.”

வயதான பிலிம் அப்படித்தான். பச்சையைத்தான் முதலில் மறக்கிறது. பிறகு அவர் தும்மல் இருந்த இடத்துக்கு வந்தார். திரும்பப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிலிமைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இதுவே உன் கடைசிக் கதையாக இருக்கலாம், அதனால்தான் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

7

முடிவு அ: கூழைக்கடா அந்தப் பல் செட்டை மாட்டிக்கொண்டு பழவேற்காட்டில் நண்டு கடிக்கிறது.

முடிவு ஆ: சரியாக அந்த இடத்தில் மட்டும் பிலிமில் கீறல். நான் இன்றோடு ஊமை.

முடிவு இ: ஒரு நாள் விடியற்காலை வரதன் வீட்டு வாசலில் இறக்கைச் சத்தம் கேட்க, அவர் கதவைத் திறந்து

வேண்டாம். வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். ஆனால் படம் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பார்த்தவர் ஒருவர்தான். அவரே எழுதட்டும். நான் டீ குடிக்கப் போகிறேன்.

[போய்விட்டார். கீறல் என்று சொல்லிவிடலாமா என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன். கீறல் ஏதும் இல்லை. பறவை பாயவும் இல்லை. இருந்த இடத்திலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. என் பல் செட் நேராக அதன் வாய்க்குள் போனது. அது வாயை மூடியது, என்னை ஒரு முறை பார்த்தது, விழுங்கியது. சிரிக்கவில்லை. மற்றபடி, நடந்தது. – வரதன்]