பட்டாசு கவனித்த வேதனை

பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பட்டாசு என்றால்தான் தெரியும். போன வருடம் மகளின் பேருந்து ஓட்டுநர் தேர்வுக்குப் பயணிகளாக உட்காரவைத்த பணியாளர்களில் இவரும் ஒருவர். தேர்வாளர் ஏதோ முணுமுணுக்க, மனுஷன் வெடித்துத் தொலைத்தார். எஞ்சின் நிற்பதற்குள் பயணி வாய் திறந்தால் தேர்வு ரத்து. பாவம், அந்தப் பெண் ஒரு வருடம் காத்துக் கிடந்தாள்.

அவமானம் தாங்காமல் தியான வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு மகளும் போனாள். "வேதனை வந்தா விரட்டாதீங்க, வளர்க்காதீங்க, கவனிங்க," என்றார் வகுப்பு நடத்திய புத்த பிக்கு. இவர் முட்டிவலியைக் கவனித்தார், கோபத்தைக் கவனித்தார், "வேதனையில நான் இப்ப கில்லாடி," என்று பீற்றிக்கொண்டார்.

"புத்தர் சொன்ன வேதனை பாலி மொழிச் சொல்லுப்பா, வலி மட்டுமில்ல, உணர்ற எல்லாமே. சந்தோஷமும் வேதனைதான்," என்றாள் மகள்.

"போடி! எனக்குத் தமிழ் தெரியாதா?"

இன்று மறுபடியும் தேர்வு. பட்டாசை ஏற்றாதே என்று பணிமனையே தலையில் அடித்துக்கொண்டது. "எங்கப்பா வருவாரு," என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

அதே தேர்வாளர். "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய வண்டி அடங்குமா?" என்றார். பட்டாசுக்குக் காது கொதித்தது. சூடு, இறுக்கம், படபடப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வந்த கோபம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயே போய்விட்டது.

கடைசிச் சோதனை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது. காலையில் வந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே திருப்பு. அடேயப்பா, இந்தப் பக்கமும் ஒரு சாண், அந்தப் பக்கமும் ஒரு சாண்!

'அடி என் ராசாத்தி!' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தைக் கவனிக்கப் பழகியவருக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் மகள் சொன்னது உறைத்தது. இதுவும் வேதனை. கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு விம்முவதைப் பார்த்தார், உதடு நடுங்குவதைப் பார்த்தார்.

எஞ்சின் நின்றது. தேர்வாளர் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மகள் இருக்கைகளுக்கு நடுவே ஓடிவந்தாள். "அப்பா, இப்பக் கத்தலாம்!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"இரும்மா," என்றார். "இன்னும் கவனிச்சு முடியல."