பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி

சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். அதற்குள் பாத்ரூம் சுவரில் கைப்பிடியைப் பொருத்தியாக வேண்டும்.

பக்கவாதத்தில் இடது கையும் காலும் வலுவிழந்து படுத்த நாளிலிருந்து நத்தானியேல் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "கக்கூஸ்ல உக்காந்து எழுந்திரிக்கிறதுக்கு மட்டும் என்னை எவனும் தூக்கக்கூடாது." மகன் ஆபேல் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஆபேல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கெஞ்சி ஒரு ஹேமர் டிரில்லை இரவல் வாங்கி வந்திருந்தான். அதைத் துப்பாக்கி போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் வாசலில் மனைவி லில்லி முன்னால் நின்றான்.

"அஞ்சே நிமிஷம். முடிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோ."

"போன வாட்டி காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறேன்னு பாதி சுவத்தைக் கீழ கொட்டினீங்க."

"அது சுத்தி. இது மெஷின்."

அவன் சுவிட்சைப் போடுவதற்குள் லில்லி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். "ஹஃப்ஸா தூங்குறா."

இந்த வீட்டுக்கும் பக்கத்து சுகரா பேகம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுகராவின் மகள் ஹஃப்ஸா வேலூரில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து காலையில்தான் பஸ் பிடித்து வந்து படுத்திருந்தாள். மகள் விழித்துவிடக் கூடாதென்று சுகரா குக்கர்கூட வைக்காமல், திறந்த பாத்திரத்தில் சோறு வடித்ததை லில்லி பார்த்திருந்தாள்.

"உளியும் சுத்தியும் எதுக்கு இருக்குது? கையாலயே போடுங்க."

"பேஜாரா போய்டும் லில்லி. அந்தக் காலத்து சிமென்ட்டு."

"போகட்டும். ராத்திரி முழுக்க யாரோட அப்பாவையோ பார்த்துட்டு வந்திருக்குது அந்தப் பொண்ணு."

ஆபேல் டிரில்லை ஓரமாக வைத்தான். உளியின் தலையில் பழைய துணியைச் சுற்றினான். மெதுவாக ஒரு தட்டு. நிறுத்தி, பக்கத்து வீட்டில் சத்தம் எதுவும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். இன்னொரு தட்டு. முதுகில் வியர்வை வழிந்தது, கட்டைவிரலில் தோல் போனது, சுவரில் மட்டும் கடுகளவுப் பள்ளம் விழுந்தது. ஆனாலும் அவன் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. பிறருக்காகச் சிரமப்படுகிறவன் முகத்தில் கர்த்தர் வைக்கிற நிறைவு அது.

படாரென்று முன்கதவு திறந்தது. தலை கலைந்து, துப்பட்டா தரையில் இழுபட, செருப்புகூட இல்லாமல் ஹஃப்ஸா ஓடிவந்தாள். கையில் பிபி மெஷின்.

"இன்னாச்சு அண்ணா? யாருக்கு?"

ஆபேல் உளியோடு திருதிருவென்று விழித்தான். லில்லிதான் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டு வீட்டுக்கும் பல வருடப் பழக்கம் ஒன்று உண்டு. அவசரம் என்றால் போனைத் தேட மாட்டார்கள்; சுவரைத் தட்டுவார்கள். அப்பா விழுந்த அன்றைக்கும் லில்லி அப்படித் தட்டித்தான் ஹஃப்ஸா வந்தாள். ஆபேலின் பதமான தட்டல், சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியே அதே அழைப்பாகக் கேட்டிருக்கிறது.

"உன் தூக்கம் கெடக்கூடாதுன்னுதாம்மா டிரில்லையே ஓரமா வெச்சேன்!"

ஹஃப்ஸா அவனைப் பார்த்தாள், டிரில்லைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து சிரித்தாள். "டிரில்லுக்கெல்லாம் நான் எழுந்திரிப்பனா? எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் ஷூ யூனிட்டு. ஜெனரேட்டர் நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும். சுவத்தைத் தட்டுனா மட்டும் தூக்கத்துலயும் கேட்டுடும்."

சிரிப்பு அடங்கியதும் அவள் கண் அந்தக் கடுகளவுப் பள்ளத்தில் நின்றது.

"இந்தச் சுவத்துலயா மாட்டப் போறீங்க?"

"அப்பாவுக்கு வலது கைதானே நல்லா இருக்குது. இது வலது பக்கம்."

"நீங்க உள்ள பார்த்து நிக்கிறீங்க. தாத்தா வெளிய பார்த்துத்தானே உக்காருவாரு?"

ஆபேல் கக்கூஸ் பீங்கானின் மூடியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். கையை நீட்டினான். இவ்வளவு நேரம் அவன் குடைந்த பள்ளத்தைத் தொட்டது இடது கை.

லில்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிர்ச் சுவத்துல போடுங்க," என்றாள் ஹஃப்ஸா. "டிரில்லாலயே, நல்லா ஆழமா. ஒரு ஆள் வெயிட்டைத் தாங்கணும்."

"நீ தூங்கணுமே?"

"போட்டுப் பாருங்க அண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் படுக்கப் போனாள்.

டிரில் உறுமியது. வீடே அதிர்ந்தது. மனசு கேட்காமல் லில்லி பக்கத்து வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஹஃப்ஸா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் காவல் போல உட்கார்ந்திருந்த சுகரா, லில்லியின் கொலுசைக் காட்டி உதட்டில் விரல் வைத்தாள். "மெல்ல நட. பாப்பா எழுந்துடப் போறா."

நல்லெண்ணம் குறி தப்பிப் போகலாம். அதைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொள்ள ஆண்டவர் பக்கத்து வீட்டில் ஒருவரை வைத்திருக்கிறார். ஹஃப்ஸாவைத் தட்டி எழுப்பியிராவிட்டால் அந்தக் கைப்பிடி விளங்காத கையின் பக்கம் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

சாயங்காலம் ஆபேலின் தங்கை கரோலின் அப்பாவைக் காரில் அழைத்து வந்தாள். வந்ததும் அவர் ஊன்றுகோலோடு நேராக பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மகனும் மருமகளும் மூச்சுவிடாமல் நின்றார்கள். லில்லியின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு நீளமான அமைதி. ஆபேல் கதவில் கை வைக்கப் போனான்.

"யாரும் வர வேணாம்!"

கதவு திறந்தது. வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றிருந்தார் நத்தானியேல்.

"காபி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர்களைத் தாண்டி நடந்தார்.