கைதட்டினால் திரும்பும் பூதம்

நாய்க்குட்டிகளுக்குத் தரம் சொல்வதில் சாம்சனுக்கு ராஜபாளையத்தில் பெரிய பேர். உடம்பு பால் வெள்ளையா, மூக்கு ரோஸ் நிறமா என்று பார்ப்பான். கடைசியில் குட்டிக்குப் பின்னால் போய் ஒரு கைதட்டு. வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. திரும்பாத குட்டியை அவன் விற்கவே மாட்டான், அதில் மட்டும் நேர்மை.

இந்தத் தடவை பிறந்ததில் ஒன்றுக்குக் காதில் காப்பிப்பொடி சிந்தின மாதிரி கறை. கைதட்டியதும் முதல் ஆளாகத் திரும்பியது அதுதான். இருந்தும் கறை கறைதானே என்று, அய்யனார் கோவில் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் இருளப்பசாமிக்கு அதைத் தருவதாகச் சொல்லிவிட்டான். சாம்சனின் மனைவி ஜாஸ்மினுக்கோ அந்தக் குட்டி என்றால் உயிர். பொரி என்று பேரும் வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அந்த வின்சியை ஜெயிச்சிருட்டி. பொரி இங்கயே இருக்கட்டும்" என்றான் சாம்சன். தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஜாஸ்மின் வின்சியிடம் ஜெயித்ததே கிடையாது.

சண்டை செல்போனில்தான். பூதவேட்டை என்ற அந்த விளையாட்டில் தெருத்தெருவாக நடந்து பூதம் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடையில் எல்லோரும் கூடுவார்கள். தோற்றவர் பால்கோவா வாங்க வேண்டும். ஜாஸ்மின் வாங்கித் தந்தே வின்சி ஒரு சுற்று பெருத்துவிட்டாள்.

பூதத்துக்குத் தரம் சொல்ல சாம்சன் தேவையில்லை, விளையாட்டே சொல்லிவிடும். அடி, தாங்கு, தெம்பு, மூன்றுக்கும் பிறவிச் சக்திக்கு மேல் தலா பதினைந்து மார்க் வரை. எல்லாம் நிறைந்தால் மூன்று ஸ்டார். அப்படி ஒன்றே ஒன்று ஜாஸ்மினிடம் இருந்தது. அதன் பேர் மின்னல். அதை நம்பித்தான் பந்தயத்துக்கே ஒத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சனிக்கிழமை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மின்னலைக் காணோம். பாதிப் பூதங்களையே காணோம்.

"பூதப் பை நெறஞ்சிருச்சு, நெறஞ்சிருச்சுன்னு பொலம்புனியே. நாந்தான் கழிச்சுவிட்டேன்" என்றான் சாம்சன், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

"எதைப் பாத்துக் கழிச்சீங்க?"

"ஒவ்வொண்ணுக்கும் கைதட்டிப் பாத்தேன். திரும்புனதை வச்சுக்கிட்டேன். அந்த மின்னல் மரம் மாதிரி நிக்கி. சுத்தச் செவிடு."

போனில் இருக்கும் பூதத்துக்குக் கைதட்டியவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவை சும்மாவே அவ்வப்போது தலையைத் திருப்பும். ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. "பொரியத் தொரத்தத்தான இந்த வேலை?"

"சத்தியமா இல்லட்டி" என்றான். அவன் முகம் செத்துப்போயிற்று.

நாளைக்கு வரவில்லை என்று சொல்ல வின்சியைக் கூப்பிட்டாள். "வராம இருக்காதீங்கக்கா, பொறவு பால்கோவா யாரு வாங்குவா? மிச்சம் இருக்கிறதப் படம் எடுத்து அனுப்புங்க" என்றாள் வின்சி. அனுப்பிய நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தச் சகதியான வச்சுக்கிட்டா அழுதிய?"

சகதியான் சேற்று நிறத்தில் இருக்கும் அழுக்குப் பூதம். தாங்கு பதினைந்து, தெம்பு பதினைந்து, அடி பூஜ்யம். மொத்தத்தில் இரண்டே ஸ்டார். தூக்கிப்போட ஜாஸ்மினே நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம மோதுறது சின்ன லீக்கு. பலம் ஆயிரத்தைநூறத் தாண்டக் கூடாது. பலக் கணக்குல அடிக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. அடி கூடுன பூதம் சீக்கிரமே வரம்பைத் தொட்டுரும், அதுக்கு மேல வளக்க முடியாது. இதுக்கு அடி இல்லைல்லா? இன்னும் நாலு லெவல் ஏத்தலாம். எம்புட்டு அடிச்சாலும் விழாது. சின்ன லீக்குல ஸ்டாரைப் பாக்கக் கூடாதுக்கா."

எதிராளிக்கே வித்தை சொல்லிக் கொடுத்தாள் பாருங்கள், அந்த மனசு யாருக்கு வரும்! ஜாஸ்மினுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. சாம்சன் கறையைப் பார்த்தான், இவள் ஸ்டாரைப் பார்த்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் வின்சியின் பூதம் அடியோ அடி என்று அடித்தது. சகதியான் எருமை மழையில் நிற்பது மாதிரி நின்று வாங்கிக்கொண்டு, நடுநடுவே ஒன்று கொடுத்தது. கடைசியில் வின்சியின் பூதம்தான் சாய்ந்தது. ஜாஸ்மின் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டுவிட்டார். "சொல்லிக் குடுத்த வாய்க்குச் சர்க்கரை நானே வாங்கணும்போல" என்று சிரித்துக்கொண்டே வின்சி பால்கோவா வாங்கினாள்.

சாம்சனோடு பைக்கில் வீட்டுக்கு வந்தால் வாசலில் இருளப்பசாமி கூடையோடு நின்றார்.

"குட்டி இல்லண்ணே" என்றான் சாம்சன், பைக்கை நிறுத்தியபடி.

"நெறம் குத்தம், எடுத்துக்கோன்னு நீதானப்பா சொன்ன?"

சாம்சன் தலையைச் சொறிந்தான். ஜாஸ்மினைப் பார்த்தான். "மார்க்கு போட்டதுல தப்பாயிருச்சுண்ணே. வேற குட்டி தாரேன்" என்று சொல்லி, பால்கோவாப் பொட்டலத்தை அவர் கூடையில் வைத்தான்.

அவர் போனதும் குனிந்து பொரியின் கறைக் காதைத் தடவிக்கொண்டிருந்தான். ஜாஸ்மினுக்கு அவன்மேல் பிரியம் பொங்கியது. சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று ஒருமுறை கைதட்டினாள்.

பொரி திரும்பியது. சாம்சனும் திரும்பினான்.