உறுதிமொழியும் மதியச் சாப்பாடும்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் காலை அறிவிப்பு வாசிக்கும் மைக் அலுவலகத்தில் என் மேஜைமேல்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்குவதும் நான்தான். முதலில் நாட்டுக் கொடிக்கு உறுதிமொழி, அடுத்து எங்கள் டெக்சஸ் மாநிலக் கொடிக்கு, பிறகு ஒரு நிமிட மௌனம், அதற்கப்புறம் பிறந்தநாள், மதியச் சாப்பாடு, கால்பந்து. பிரின்சிபல் வருவார், போவார், ஆனால் ஓலீட்டா மிஸ் அந்த நாற்காலியை விட்டு நகர மாட்டார் என்று பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், உண்மைதானே.

இந்த வருஷம் வாசிக்க ஆள் தேடியபோது ஜோவிட்டா வந்தாள். பழைய சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் பாதி வாசிப்பதற்குள் எனக்குப் பசி எடுத்துவிட்டது. அப்படியொரு குரல். ரேடியோவில் பேச வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஊர் ரேடியோ நிலையத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்வார்கள். பள்ளி மைக்கில் வாசித்த பிள்ளைக்குத்தான் அந்த இடம்.

ஒரே சிக்கல். ஜோவிட்டா உறுதிமொழிக்கு எழுந்திருக்கவும் மாட்டாள், வாய் திறக்கவும் மாட்டாள். அவளுடைய அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதால் சட்டப்படி யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. நான் கேட்டேன். என் கணவர் கடற்படையில் இருந்தவர். அந்த உறுதிமொழியை நான் இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துத்தான் சொல்வேன்.

"ஏன்டி, நாலு வரி சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"உங்க வீட்டுக்காரர் தினமும் காலைல 'எனக்கு உண்மையா இருப்பேன்னு சத்தியம் பண்ணு'ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க மிஸ்?"

"காபிக் கோப்பை பறக்கும்."

"அதேதான்."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

வைஸ் பிரின்சிபல் க்ரூபர் இந்த ஆகஸ்டில்தான் ஒஹாயோவிலிருந்து வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

"மைக்ல வாசிக்கிற பிள்ளைதான் உறுதிமொழியையும் சொல்லணும். இங்க அதுதான் வழக்கம்" என்றார். "வகுப்புல உட்கார்ந்திருக்க அந்தப் பொண்ணுக்கு உரிமை இருக்கு, ஒத்துக்கறேன். மைக் உரிமை இல்ல, சலுகை. முதல்ல அதைச் சொல்லட்டும், அப்புறம் வாசிக்கட்டும்."

"அப்ப எனக்கு மைக் வேணாம் சார்" என்று ஜோவிட்டா வெளியே போய்விட்டாள். வெளித் தாழ்வாரத்தில் நின்று அவள் அழுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச ஆசைப்படுகிற பெண்ணிடம், மனசில் இல்லாததை முதலில் சொல், பிறகு உன் பேச்சைப் பேசு என்றால் என்ன நியாயம்? அந்தக் கொடிக்கும் அதில் என்ன மரியாதை?

ஆனால் க்ரூபரிடம் நியாயம் பேசினால் விடிந்துவிடும். ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

"சார், இடி மாதிரி குரலை வச்சுக்கிட்டு இதையெல்லாம் ஏன் சின்னப் பசங்ககிட்ட விடறீங்க? உறுதிமொழியை நீங்களே சொல்லுங்க. அந்தப் பொண்ணு சாப்பாட்டை மட்டும் வாசிக்கட்டும்."

அவர் மீசையைத் தடவினார். "நான் சொன்னா எடுபடுமா?"

"சுவரெல்லாம் எழுந்து நிக்கும்."

"சரி, ஒரு நாள் பார்ப்போம். சரியா வந்தா மேல பேசலாம்."

திங்கட்கிழமை காலை க்ரூபர் புது டை கட்டிக்கொண்டு வந்து, நெஞ்சில் கை வைத்து, மைக் முன்னால் நிமிர்ந்து நின்றார். பக்கத்து நாற்காலியில், நான் விஷயத்தைச் சொல்லி வரவழைத்த ஜோவிட்டா பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். நாட்டு உறுதிமொழியை அவர் முழங்கி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. அடுத்து, "டெக்சஸ் கொடியை மதிப்போம்" என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒஹாயோப் பள்ளிகளில் இந்த இரண்டாவது உறுதிமொழி சொல்லும் வழக்கம் கிடையாது. இத்தனை நாளும் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து கூட்டத்தில் கோவிந்தா போட்டே மனிதர் சமாளித்திருக்கிறார்! என்னைப் பார்த்து விழித்தார். வருஷக்கணக்காகச் சொல்லி வருகிற எனக்கும் அந்த நேரம் பார்த்து அது மறந்து தொலைந்தது. பள்ளி முழுக்கக் காத்திருந்தது. அவருடைய கழுத்து சிவந்து, வியர்த்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

ஜோவிட்டா உட்கார்ந்தபடியே அவர் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்கடுத்த வரியையும் கொடுத்தாள். அதையும் சொல்லி முடித்தார். மைக் நல்ல மைக். இரண்டு குரலும் எல்லா வகுப்புக்கும் போய்ச் சேர்ந்தன.

பிறகு மௌன நிமிடம். யாரும் யாரோடும் பேசக் கூடாது. சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நிமிடம் முடிந்ததும், மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து க்ரூபர் வெடித்தார்.

"உனக்கு முழுசாத் தெரியுதே! இப்ப சொன்னியே!"

"நான் சொல்லலை சார். நீங்க தவிச்சீங்க, எடுத்துக் குடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். இதை என்னை யாரும் சொல்லச் சொல்லலையே."

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் வகுப்புகளிலிருந்து சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. மைக்கில் எரிந்த சிவப்பு விளக்கை க்ரூபர் அப்போதுதான் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு, தானும் சிரித்து, மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பாட்டைச் சொல்லும்மா. பசங்க பாவம், பசியோட இருக்காங்க."

பொரித்த கோழி, சோள ரொட்டி, பீச் பழ இனிப்பு என்று அவள் வாசித்தாள். ஒவ்வொன்றும் தட்டில் வந்து விழுவதுபோல் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது க்ரூபர் கூப்பிட்டார்.

"நாளைக்கும் வந்துடு. தினமும் நீதான் வாசிக்கணும்."

"உறுதிமொழி, சார்?"

"அது என் பாடு. அந்த ரெண்டாவது மட்டும் இன்னும் சரியா வரலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் பக்கத்துலயே உட்காரு."