வீரம்மாவின் பி ஸ்டிக்கர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புகைப்படத்திலிருந்து பக்குவமாக அழிக்கப்பட்ட ஸ்டிக்கர்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

முதல் வரியாக நான் எழுதியது இது: "பனி விலகாத செம்பனைத் தோட்டத்தில், காலத்தை வென்று நின்ற மூதாட்டி ஒருவர்—"

அடித்துவிட்டேன். பனியெல்லாம் இல்லை, காலை பத்து மணி வெயில். அவர் மூதாட்டியும் இல்லை. வீரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வரியைப் படித்தால் என்னை உதைப்பார்.

2

புனிதாவிடமிருந்து தொடங்குவதே சரி. கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கக் கையுறைகளில் ஓட்டை தேடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடும் புகைப்படச் சங்கத்துக்குப் போவாள். ஆறு வருடமாக உறுப்பினர். ஆண்டுக் கண்காட்சியின் சுவரில் அவள் படம் ஒன்றுகூட ஏறியதில்லை. இந்த வருடத் தலைப்பு 'பழைய பாணியில் கிராமம்'. இந்த முறையும் ஏறாவிட்டால் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மேருவைத் தாண்டி ஒரு தோட்டத்தில்தான் வீரம்மாவைப் பார்த்தாள். பலகை வீடு, வாசலில் முப்பது வருடப் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் வீரம்மா உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். மோட்டாரின் முன்பக்கத்தைக் கேமராவை நோக்கித் திருப்பி நிறுத்தினார். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று புனிதா மகிழ்ந்தாள்.

[மோட்டாரைத் திருப்பியதை நினைவில் வையுங்கள். நான் அதைச் சும்மா எழுதவில்லை.]

3

சங்கத்தில் படங்களுக்குக் கருத்துச் சொல்பவர் நிரஞ்சனி. பல் மருத்துவர். சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலவே படத்தையும் பார்ப்பார்.

"புனிதா, ஆள ஏன் நட்ட நடுவுல நிக்க வச்சீங்க? ஐசி போட்டோவா, அடையாளக் கார்டுல ஒட்ட? முக்கியமானத ஓரத்துக்குத் தள்ளுங்க, கண்ணு தானா தேடிப் போகும். தலைக்குப் பின்னால லைட் போஸ்ட் முளைச்சிருக்கு, அழிங்க. முகத்துல நிழல் ஜாஸ்தி, கொஞ்சம் வெளிச்சம் ஏத்துங்க. மூலையெல்லாம் இருட்டாக்கி ப்ரவுன் டோன் போடுங்க. அஞ்சாவது, மோட்டார்ல அந்த பி ஸ்டிக்கர்.* பழைய படத்துல அது இடிக்குது லா. எடுத்துடுங்க."

[முதல் வரைவில் நிரஞ்சனியை வில்லியாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அவர் பேச்சைக் கேட்டதில் படம் நிஜமாகவே உயர்ந்தது. வீரம்மா வலது ஓரத்துக்குப் போனதும், அதுவரை சும்மா கிடந்த செம்மண் பாதை அவரை நோக்கி வர ஆரம்பித்தது.]

புனிதா ஐந்தையும் செய்தாள். ஸ்டிக்கர் இருந்த தடமே தெரியவில்லை. படம் தேர்வானது. அந்தச் செய்தியை அவள் கைப்பேசியில் எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்பதை இங்கே சொன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

* புதிதாக லைசென் எடுத்தவர்கள் இரண்டு வருடம் வண்டியில் ஒட்டியிருக்க வேண்டியது. வெள்ளையில் சிவப்பு எழுத்து. மலேசிய வாசகர்கள் மன்னிக்கவும், வெளியூர்க்காரர்களும் படிக்கிறார்கள்.

4

படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு புனிதா தோட்டத்துக்குப் போனாள். வீரம்மா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. சினிமாக்காரி மாதிரி இருக்கேன்." பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "என் பி எங்க?"

"பழைய படம் மாதிரி இருக்கணும்னு எடுத்துட்டேன்க்கா."

"மோட்டார்தான் பழசு. லைசென் போன மாசம் எடுத்தது." குரலில் கோபம் இல்லை, அதுதான் புனிதாவுக்குத் தாங்கவில்லை. "மூணு தடவ பெயிலு. டெஸ்ட்டுல ஒரு கட்டைப் பாலம் இருக்கு, ஒரு சாண் அகலம். டயர் இறங்குனா அவுட்டு. சுத்தி எல்லாம் பதினேழு வயசுப் பிள்ளைங்க, என்னைப் பாத்துச் சிரிக்குதுங்க. நாலாவது தடவ ஏறி இறங்கிட்டேன். முப்பது வருஷமா, யாராச்சும் ஏத்திக்கிட்டுப் போவாங்களான்னு ரோட்டுல நின்னவ நான். இப்ப நானே கிள்ளான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போறேன். அது தெரியணும்னுதான் மோட்டாரத் திருப்பி வச்சேன்."

வெளிச்சத்துக்காகத் திருப்பினார் என்றல்லவா புனிதா நினைத்திருந்தாள். 

5

முடிவு ஒன்று: புனிதா அழுதுகொண்டே கண்காட்சியிலிருந்து விலகுகிறாள். வேண்டாம். ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

முடிவு இரண்டு: படம் முழுக்கப் பழுப்பு, ஸ்டிக்கர் மட்டும் சிவப்பு. இது நிரஞ்சனியின் யோசனை. "கல்யாண ஆல்பம் மாதிரி ஆயிடும் டாக்டர்" என்று புனிதாவே மறுத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். ஸ்டிக்கரைத் திரும்பக் கொண்டுவந்து, மற்ற நான்கு திருத்தங்களை அப்படியே விட்டு, புதுப் படத்தை அனுப்பினாள். பழுப்பு நிறத்திலும் அந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப மாத்தினா திரும்பத் தேர்வுக்குப் போகணும், புனிதா. இந்தத் தடவ விழுந்தாலும் விழும்."

"விழட்டும் டாக்டர். நீங்க சொன்ன நாலு என் படத்துக்கு, நாலையும் கேட்டுக்கிட்டேன். அஞ்சாவது அந்த அக்காவோடது. அதுல நான் கை வைக்க முடியாது."

ஆறு வருடமாக அந்த மாடி அறையில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள் அவள். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைப்பானேன்.

6

படம் சுவரில் ஏறியதா? சொல்ல மாட்டேன். ஆணி அடித்தாயிற்று. எந்தப் படத்தை அதில் மாட்டுவது என்பதை உங்களிடம் விடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. கதையின் நடுவில், நான்காம் பகுதியில் இருந்த சில வரிகளை வெட்டி, இந்த ஓரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நிரஞ்சனியிடம் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

அன்று புனிதா மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியபோது, வீரம்மா மோட்டார் பக்கத்தில் குனிந்து, ஸ்டிக்கரில் படிந்திருந்த செம்மண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"ரெண்டு வருஷம் முடியட்டும் புனிதா, இத நானே உரிச்செடுப்பேன். அப்ப கேமராவோட வா."