அடைப்புக்குறிக்குள் துறைமுகம்

1

அந்த ஒரு வரிச் செய்தி டிவியில் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தெருவே செருப்பை மாட்டிக்கொண்டு தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் அம்மாவும் போய்விட்டார். நான் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை நான்தான்—

இல்லை. சாமியா. அவளுக்கு சாமியா என்று பேர் வைக்கிறேன். வயது பதினேழு. ஊர் மணமேல்குடிக்குப் பக்கம், கடற்கரைத் தெரு. 'நான்' என்று எழுதினால் வாக்குமூலம். 'சாமியா' என்று எழுதினால் கதை. கதை எழுதியவளிடம் 'உனக்கு யார் அனுப்பியது' என்று எவரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். (நினைக்கிறேன், அவ்வளவுதான்.)

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதைக்குச் சில முடிவுகளை எழுதிப் பார்க்கப்போகிறேன். சாமியாவால் எதைத் தாங்க முடிகிறதோ அதை நானும் செய்துவிடுவேன்.

2

'வளைகுடாவில் போர் மூண்ட ஒன்பதாம் நாள், கடற்கரைத் தெருவில்'

அடித்துவிட்டேன். போர் மூண்டதை எங்கள் டிவி இன்னும் சொல்லவேயில்லை. அதைச் சொல்லாத டிவியில்தான் சாமியாவுக்கு வேலை.

பிளஸ் டூ முடித்துவிட்டு, நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, உள்ளூர் கேபிள் சேனலில் திரையின் கீழே ஓடும் வரிகளை அவள் டைப் செய்கிறாள். மின்தடை, மீன் ஏலம், பஸ்ஸில் தொலைந்த பர்ஸ், யாராவது இறந்தால் மௌத்துச் செய்தி. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ஒரு அறை. சேனலைத் தொடங்கியவர் ரிஃபாய் மாமா. போன வருடம் புதுக்கோட்டைக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு, விற்ற சேனலிலேயே மேனேஜராக இருக்கிறார். அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியும் இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் அதன் வழியாகத்தான் சபர் போனார்கள். பெரும்பாலும் ஒரே துறைமுகத்துக்கு. சாமியாவைப் பெற்ற அத்தாவும் அங்கேதான்.

"விசா குடுக்குறவனும் சேதி சொல்றவனும் ஒரே ஆளு. அப்ப சேதி எப்புடிம்மா இருக்கும்?" என்று ரிஃபாய் மாமா ஒருநாள் கேட்டார். பிறகு அவரே, "விசா போட்டோ மாதிரி இருக்கும். மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும், நம்ம மூஞ்சியா இருக்காது" என்று சிரித்தார்.

சண்டை தொடங்கிய மூன்றாம் நாள் சாமியா 'வான்வழித் தாக்குதல்' என்று டைப் செய்தாள். புதுக்கோட்டை ஆபீஸிலிருந்து ஆத்மநாதன் சார் அதை 'வானில் இடையூறு' என்று மாற்றச் சொன்னார். அன்று சாயங்காலம் நாலு பேர் போன் செய்தார்கள். "பாப்பா, காத்து எப்புடி? இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா, வேணாமா?"

சாமியா விழுந்து விழுந்து சிரித்தாள். (இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியாகிவிட்டது.)

இன்று காலையில் டைப் செய்யச் சொன்ன வரி: 'துறைமுகத்தில் பணிகள் வழக்கம்போல் நடைபெறுகின்றன.'

3

மத்தியானம் அத்தாவிடமிருந்து எப்படியோ ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து சேர்ந்தது. பின்னால் யாரோ ஓடுகிற சத்தம்.

"சாமியாம்மா, துறைமுகத்து பாசித் மௌத்தாயிட்டாரு. குண்டு எங்க ஷெட்டு மேலேயே விழுந்துருச்சு. நான் நல்லாருக்கேன். அவுங்க வீட்ல மட்டும் எப்புடியாச்சும் சொல்லிரு. நான் சொன்னேன்னு சொல்லிறாத. இங்க போன்ல சேதி அனுப்புனவனையெல்லாம் புடிச்சு உள்ள போடுறாங்க. கேட்டுட்டு அழிச்சிரு."

சாமியா மூன்று தடவை கேட்டுவிட்டு அழித்தாள்.

(துறைமுகத்து பாசித் என்று அத்தா சொன்னதை விளக்க வேண்டும். எங்கள் தெருவில் பாட்டனார் பேரைப் பேரனுக்கு வைப்பதால் பேர்கள் திரும்பத் திரும்ப வரும். மீரா சாகிபு மகன் பாசித் என்றால் இரண்டு பேர். சபர் போன இடத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்துச் சொல்வோம். லாத்தா என்றால் அக்கா. ஜெய்னப் லாத்தாவின் வீட்டுக்காரர் துறைமுகத்து பாசித். அதே நாட்டில் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டும் ஷமீமா லாத்தாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி பாசித்.)

ஜெய்னப் லாத்தாவின் வீடு, சாமியாவின் வீட்டிலிருந்து ஏழாவது வாசல். நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கால் வரவில்லை. மௌத்துச் செய்தியை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள், யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டைப் செய்தாள்:

'கடற்கரைத் தெரு மீரா சாகிபு மகன் பாசித் (துறைமுகம்) வஃபாத்.'

இரண்டு நிமிடத்தில், வரியின் முறை வந்து திரையில் ஓடுமுன்பே, போன் அடித்தது.

"யாரும்மா பிராக்கெட் போட்டது?" ஆத்மநாதன் சார்.

"நான்தான் சார்."

"துறைமுகத்துல எல்லாம் வழக்கம்போல நடக்குதுன்னு காலையிலேருந்து ஓடுது. அதுக்கு அடுத்த வரியில துறைமுகம், வஃபாத்துன்னு ஓடப்போகுது. ரெண்டும் ஒரே டிவியில எப்புடிம்மா ஓடும்?"

"அது செய்தி இல்ல சார். ஆளு அடையாளம்."

"அடையாளத்துக்கு அப்பா பேரு இருக்கு, தெரு இருக்கு. எங்க ஊருல அதுவே போதும். எடுத்துரும்மா. எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

சாமியா ரிஃபாய் மாமாவைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார். "எடுத்துரு. நம்ம தெருவுக்குத் தெரியாதா? கண்டுபுடிச்சுக்குவாங்க."

அவள் எடுத்தாள். ஒரே ஒரு கீ.

4

தெரு கண்டுபிடித்துவிட்டது. துறைமுகத்தில் எல்லாம் வழக்கம்போல் என்று டிவியே சொல்கிறது. இரண்டு நாளாக அந்தப் பக்கம் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. அப்படியானால் மௌத்தானது ஆஸ்பத்திரி பாசித். யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை.

சேதி கேட்டுச் சாமியா ஓடிப் போனபோது ஷமீமா லாத்தாவின் வீட்டு வாசல் நிறையச் செருப்பு. உள்ளே ஷமீமா லாத்தாவைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது—

இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கிவிட்டேன்.

—ஜெய்னப் லாத்தா.

"அழுதுரு புள்ள. அடக்காத."

"பல்லு வலிக்குதுன்னாரு லாத்தா. ஆஸ்பத்திரியிலேயே இருக்கீங்க, காட்டுனா என்னன்னு கத்துனேன். அதுதான் கடைசியாப் பேசுனது."

"கத்தாத பொண்டாட்டி எங்கிட்டு இருக்கா? அவருக்குத் தெரியாதா ஒன்னய?" கஞ்சியை ஆற்றி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ரெண்டு மடக்கு குடி. எனக்காக."

பக்கத்தில் ஒரு பெண், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா என்றாள். இறந்தவர் உடல் ஊருக்கு வராமலே தொழுகிற தொழுகை. யாருடைய பேரைச் சொல்லித் தொழப்போகிறார்கள் என்று சாமியாவுக்கு மட்டும் தெரியும். அவள் அடுப்பங்கரைப் பக்கம் ஒதுங்கினாள்.

ஜெய்னப் லாத்தா கிண்ணத்தை வைக்க அடுப்பங்கரைக்கு வந்தபோது அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "காலையில எனக்கும் சோறு எறங்கல சாமியா. துறைமுகத்துல ஒண்ணுமில்லன்னு ஒங்க டிவியில ஓடுச்சு பாரு, அப்புறந்தான் மூச்சே வந்துச்சு. இவ இப்புடிக் கெடக்குறப்ப எனக்கு நிம்மதியா இருக்கதே வெக்கமா இருக்கு."

சாமியா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

5

முடிவுகள்.

முதலாவது. சாமியா திரும்பிப் போய், கூட்டத்தின் நடுவில், "லாத்தா, மௌத்தானது ஒங்க" என்று சொல்கிறாள். உடனே இருபது பேர் கேட்பார்கள்: ஒனக்கு யாரு சொன்னா? பத்துப் பேர் கையில் போன் இருக்கும். அந்தப் போன்களிலிருந்து ஏஜென்சிக்கு, ஏஜென்சியிலிருந்து அக்கரைக்கு. அங்கே அத்தா ஷெட்டை விட்டு வெளியே வரும்போது இரண்டு பேர்

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இரண்டாவது. சாமியாவிடம் பாஸ்வேர்டு இருக்கிறது. பழைய வரியை மறுபடி ஏற்றுகிறாள், எடுத்த சொல்லோடு, எல்லாவற்றுக்கும் முதல் வரியாக. புதுக்கோட்டையில் பார்த்து நிறுத்த இரண்டு நிமிடமாவது ஆகும். ஆனால் மௌத்து வீட்டில் டிவியை அணைத்துவிடுவார்கள். தெரு முழுவதும் இப்போது மௌத்து வீட்டில்தான் இருக்கிறது. உண்மை காலி வீடுகளில் ஓடிவிட்டு நிற்கும்.

மூன்றாவது. சாமியா ஒன்றும் செய்வதில்லை. நாளைக்கோ மறுநாளோ லைன் கிடைக்கும். ஆஸ்பத்திரி பாசித்திடமிருந்து போன் வரும், "பல்லு புடுங்கியாச்சு" என்று. ஷமீமா லாத்தா சந்தோஷத்தில் அலறுவார். ஜெய்னப் லாத்தாவும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அல்லாவுக்குச் சுக்ரு சொல்வார். உண்மையாகவே சந்தோஷப்படுவார். அப்புறம் அவருக்கு, மீரா சாகிபு மகன் பாசித் இந்தத் தெருவில் இரண்டே பேர்தான் என்பது

இதில் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதும்போது எழுத்து கோணவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நாலாவது முடிவு ஒன்று நீங்கள் வைத்திருந்தால்

6

கேட் சத்தம்.

சாமியாவைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். வந்திருப்பது ஜெய்னப் லாத்தா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேர்த்து வடிய நிற்கிறார்.

"ஆளு வந்துக்கிட்டே இருக்காங்கடி. ஒங்க அம்மா பாய் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. இங்கிட்டுதானே இருக்கும்?"

அவரே பரண் பக்கம் போய் இரண்டு பாயை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நான் நோட்டை மூடவில்லை. மூடினால் ஏதோ மறைப்பது போல இருக்கும். எழுதிக்கொண்டே இருக்கிறேன், பாடம் எழுதுவது போல.

"இந்த நேரத்துலயும் படிப்பா?" என்கிறார். போகவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார்.

"சாமி—" இல்லை, அவர் என் பேரைத்தான் சொல்கிறார். "ஒங்க அத்தாவும் எங்க வீட்டுக்காரரும் ஒரே ரூமுதானே. ஒங்க அத்தாகிட்டேருந்து ஏதாச்சும் வாய்ஸ் வந்துச்சா? ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாடி?"